கே-429: நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு சோதனை மூழ்கல்

1983 ஜூன் மாதம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சாத்கா கரையோரம் ஒரு சோவியத் அணுசக்தி நீர்மூழ்கி கடலின் அடித்தரையில் மூழ்கிக் கிடந்தது. உள்ளே 120 பேர். கரையில் இருந்த யாருக்கும் விஷயம் தெரியாது. இதில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இன்று வெளிப்படையாகவே கிடைக்கின்றன. ஆனால் இங்கே நான் பதவியை மட்டும் சொல்கிறேன். யாரைத் திட்டுவது என்பதைவிட, எந்த இடத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதுதான் நமக்கு வேண்டியது.

பின்னணி: என்ன மாதிரிக் கப்பல் இது

கே-429, சோவியத் கடற்படை ப்ராஜெக்ட் 670 என்று அழைத்த வகையைச் சேர்ந்தது. நேட்டோ நாடுகள் இதற்கு வைத்த பெயர் சார்லி. கோர்க்கி நகரில், அதாவது இன்றைய நிஷ்னி நோவ்கரத்தில், வோல்கா கரையிலிருந்த க்ராஸ்னோயே சோர்மோவோ தளத்தில் இந்த வகையில் மொத்தம் 11 கட்டினார்கள். முதலாவது 1967-ல் கடற்படையில் சேர்ந்தது. கே-429 கடைசியாக வந்தவற்றில் ஒன்று. சேர்ந்த ஆண்டு 1972.

இதன் வேலை ஒன்றே ஒன்று: அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை ஏவுகணையால் அடிப்பது. இதற்கு முந்தைய சோவியத் ஏவுகணை நீர்மூழ்கிகள் சுடுவதற்குத் தண்ணீருக்கு மேலே வர வேண்டும். வந்து, கிட்டத்தட்ட 20 நிமிடம் எல்லார் கண்ணிலும் படும்படி நின்றால்தான் ஏவ முடியும். போர்க்களத்தில் அவ்வளவு நேரம் யார் விடுவார்கள்? ப்ராஜெக்ட் 670 அந்தச் சிக்கலைத் தீர்த்தது. முன்பக்கத்தில் சாய்வாகப் பதித்த எட்டுக் குழாய்களில் அமெதிஸ்த் ஏவுகணைகள். அவற்றைத் தண்ணீருக்கு அடியிலிருந்தே ஏவலாம். உலகிலேயே அப்படி ஏவப்பட்ட முதல் க்ரூஸ் ஏவுகணை அதுதான்.

ஆனால் அதன் எட்டும் தூரம் குறைவு. கப்பல் எதிரிக்கு மிக அருகே போக வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொன்று: மற்ற சோவியத் அணு நீர்மூழ்கிகளில் வழக்கமாக இரண்டு அணு உலைகள் இருக்கும். இதில் ஒரு உலை, ஒரு சுழலிதான். செலவும் எடையும் மிச்சம். மாற்றுக்கு இன்னொன்று இல்லை என்பது அதற்குக் கொடுத்த விலை. நீளம் 94 மீட்டர் அளவு. உள்ளே ஏழு தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே நீர்புகாத தடுப்புச் சுவர். அணு உலை இருப்பது ஐந்தாம் அறை. கப்பலை நடத்தும் மைய நிலையம் மூன்றாம் அறையில்.

இந்த வகைக் கப்பல் நமக்கும் கொஞ்சம் பழக்கம். இதே வரிசையின் முதல் கப்பலான கே-43-ஐத்தான் 1988-ல் இந்தியா குத்தகைக்கு எடுத்து, ஐஎன்எஸ் சக்ரா என்று பெயரிட்டு விசாகப்பட்டினத்தில் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

ஜூன் 1983: கிளம்பும் முன்

கே-429 பெரிய பழுதுபார்ப்புக்குப் போக வேண்டிய கட்டத்தில் இருந்தது. அதற்கு முன் ஒரு டார்பிடோ (தண்ணீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் ஆயுதம்) பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று மேலிடம் நினைத்தது. கப்பலின் சொந்தக் குழுவில் பலர் விடுப்பில். அதன் கமாண்டரும் இல்லை. எனவே இதே வகையைச் சேர்ந்த வேறொரு நீர்மூழ்கியின் கமாண்டரை அழைத்து, இதைக் கொண்டுபோ என்றார்கள்.

அவர் அனுபவசாலி. இந்த வகைக் கப்பல் அவருக்கு அத்துப்படி. ஆனால் இந்தக் கப்பல் பழக்கமில்லை. அவருடைய ஆட்களும் சிதறிக் கிடந்தார்கள். ஆகவே ஆட்களைப் பல கப்பல்களிலிருந்து திரட்டினார்கள். கிளம்பும் கடைசி நேரம் வரை ஆள் வந்து ஏறிக்கொண்டிருந்தது. இந்த வகைக்கு வழக்கமாகச் சுமார் 90 பேர். அன்று உள்ளே இருந்தது 120.

எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். நீர்மூழ்கியில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. அந்த ஆள் இருட்டில் கையை நீட்டினாலும் கைப்பிடி தட்டுப்பட வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டதுமே அது யார் என்று தெரிய வேண்டும். ஒரே வகைக் கப்பல்களாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோளாறுகள், அதனதன் தற்காலிக ஒட்டுவேலைகள் உண்டு. பழைய வாடகை வீட்டில் எந்தக் குழாயை எவ்வளவு திருக வேண்டும் என்பது குடியிருப்பவருக்குத்தானே தெரியும். அந்த மாதிரி.

கமாண்டர் மறுத்தார். இந்தக் குழுவை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது என்று சொன்னார். மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆணை ஆணைதான் என்றாயிற்று. சோவியத் கடற்படையில் அப்படி ஒரு ஆணையை மீறினால் வேலையும் கட்சி உறுப்பினர் அட்டையும் போய்விடும். அவர் கிளம்பினார்.

இதுதான் முதல் முடிவு. இதைத் தவறு என்று சொல்வது எளிது. அவர் இடத்தில் நின்று மறுப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். போக மாட்டேன் என்றிருந்தால், ஒரு மணி நேரத்தில் வேறொருவரை அந்த இடத்தில் உட்காரவைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கே மூழ்குவது

ஒரு நீர்மூழ்கி துறையை விட்டு வந்ததும் நேராக ஆழத்துக்குள் பாய்ந்துவிடாது. உள்ளே எவ்வளவு எடை இருக்கிறது, முன்னே எவ்வளவு பின்னே எவ்வளவு என்று கணக்குப் போட்டு, தொட்டிகளில் அதற்கேற்பத் தண்ணீரை ஏற்றி இறக்கி, கப்பல் மிதக்கவும் இல்லாமல் மூழ்கவும் இல்லாமல் தண்ணீரில் நிற்கும்படி சமன்படுத்த வேண்டும். ஆட்களும் சாமானும் மாறினால் கணக்கும் மாறும். அதனால்தான் சோதனை மூழ்கல் ஒன்று தேவைப்படுகிறது.

அதைப் பயிற்சி நடக்கும் கடற்பகுதிக்கே போய்ச் செய்துகொள் என்பது எதிர்பார்ப்பு. அந்த இடம் மிக ஆழமானது. கம்சாத்கா கரையைத் தாண்டியதும் கடலடி சட்டென்று சரிந்துவிடும். கமாண்டர் இங்கே மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பழக்கமில்லாத கப்பல், பழக்கமில்லாத ஆட்கள். எனவே போகிற வழியில் சரான்னயா குடாவிலேயே சமன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று முடிவு செய்தார். அங்கே ஆழம் சுமார் 40 மீட்டர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 94 மீட்டர் நீளக் கப்பலை அங்கே செங்குத்தாக நிறுத்தினால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு ஆழம் குறைந்த இடம் அது. இந்த ஒரு முடிவைத்தான் கட்டுரை முழுக்க நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தச் சில நிமிடங்கள்

ஜூன் 23 இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரம், மூழ்கும் ஆணை தரப்பட்டது.

மேலே மிதந்துகொண்டிருக்கும்போது நீர்மூழ்கி வெளிக்காற்றை இழுத்து அறைகளுக்குள் சுற்றவிடும். அதற்கான அகலமான குழாய்கள் மேற்கட்டிலிருந்து உள்ளே இறங்குகின்றன. மூழ்குவதற்கு முன் அவற்றின் அடைப்பான்களை மூட வேண்டும். மூடியாயிற்று என்று பொறுப்பாளர் சொல்ல வேண்டும். அதை மைய நிலையம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நீர்மூழ்கிக்காரர்களின் பாடத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற விஷயம் இது.

அன்று அது மூடப்படவில்லை. தண்ணீர் காற்றோட்டக் குழாய் வழியாக நான்காம் அறைக்குள் கொட்டியது. அங்கே 14 பேர் இருந்தார்கள்.

நீர்மூழ்கியில் ஒரு விதி உண்டு. தண்ணீர் புகுந்த அறையில் இருப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு அடுத்த அறைக்கு ஓடக் கூடாது. உள்ளே பூட்டிக்கொண்டு தங்கள் அறையைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். கேட்பதற்கு இரக்கமில்லாத விதி. ஆனால் கதவு திறந்தால் இரண்டு அறை போகும், அப்புறம் மூன்று, அப்புறம் கப்பல். நான்காம் அறை முழுக்க நிரம்பியது. அந்த 14 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அடுத்த அறைகள் தாக்குப்பிடித்தன. அணு உலை நிறுத்தப்பட்டது.

மைய நிலையம் அபாயத்தை உணர்ந்து, அழுத்தக் காற்றை மிதவைத் தொட்டிகளுக்குள் செலுத்தித் தண்ணீரை வெளியே தள்ளி மேலே வரப் பார்த்தது. பலிக்கவில்லை. செலுத்திய காற்று தொட்டிகளில் தங்காமல் வெளியே போனது. வெவ்வேறு கப்பல்களிலிருந்து வந்த கைகள், ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வேலை செய்தன என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான டன் தண்ணீரைச் சுமந்தபடி கப்பல் குடாவின் அடித்தரையில் உட்கார்ந்தது.

அடித்தரையில்

இப்படி ஒன்று நடந்தால் உதவி கேட்பதற்கென்றே நீர்மூழ்கியின் மேல்தளத்தில் அவசர மிதவைகள் உண்டு. உள்ளிருந்து விடுவித்தால் அவை மேலே போய் மிதக்கும். விளக்கும் வானொலிச் சமிக்ஞையும் இருக்கும். கம்பி வழியாகக் கப்பலோடு பேசவும் முடியும். கே-429-ல் அவற்றை விடுவிக்க முயன்றார்கள். அசையவில்லை. காரணம், அவை கப்பலின் உடலோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன.

இது நாசவேலை இல்லை. கடலில் நெடுநாள் போகும்போது மிதவை தானாகக் கழன்றுகொண்டால் அது கப்பலின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தொலைந்தால் யாராவது பதில் சொல்லவும் வேண்டும். சோவியத் நீர்மூழ்கிகளில் இது பரவலாக இருந்த பழக்கம். ஒளிந்திருக்கும் நாட்களில் அது பிரச்சினை இல்லை. ஒளியத் தேவையில்லாத ஒரே ஒரு நாளில்தான் அது பிரச்சினை.

அப்போது உயிரோடு இருந்தவர்கள் 106 பேர். நிரம்பிய நான்காம் அறைக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். நடுவில் போக வழியில்லை. கரையில் யாரும் தேடவில்லை. அவர்கள் கணக்கில் கப்பல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கமாண்டருக்கு இரண்டு வழிகள். யாராவது கவனிக்கும்வரை காற்றையும் வெளிச்சத்தையும் மிச்சம்பிடித்துக் காத்திருப்பது. அல்லது யாரையாவது வெளியே அனுப்பிச் செய்தி சொல்லச் சொல்வது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். இரண்டு பேர் டார்பிடோக் குழாய் வழியாக அனுப்பப்பட்டார்கள். மேலே வந்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மிதந்து, அந்தப் பக்கமாக வந்த ஒரு கப்பலின் கண்ணில் பட்டார்கள். அதன் பிறகுதான் கடற்படைக்கே விஷயம் தெரிந்தது.

வெளியேற்றம்

டார்பிடோக் குழாயின் விட்டம் 533 மில்லிமீட்டர். ஒரு சராசரி ஆள் தோளைச் சுருக்கிக்கொண்டு நுழையலாம், அவ்வளவுதான். சுவாசக் கருவியோடும் ரப்பர் உடையோடும் சில பேர் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் ஊர்ந்து போக வேண்டும். பின்கதவை அடைப்பார்கள். உள்ளே இருட்டு. பிறகு தண்ணீர் மெல்ல ஏறும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமானதும் முன்கதவு திறக்கும். ஊர்ந்து வெளியே வந்து, மேலே போகும் கயிற்றைப் பிடித்து, அவசரப்படாமல் ஏற வேண்டும். 40 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். இதையெல்லாம் கரையில் உள்ள பயிற்சிக் கோபுரத்தில் செய்து பார்த்தவர்களும் இருந்தார்கள், நன்றாகப் பழகாதவர்களும் இருந்தார்கள்.

அப்புறம் எண்ணிக்கைப் பிரச்சினை. கூட்டிய ஆட்களுக்கு ஏற்றபடி சுவாசக் கருவிகள் இல்லை. மீட்புக் கப்பல்கள் வந்த பிறகு மூழ்காளர்கள் கருவிகளை டார்பிடோக் குழாய் வழியாகவே உள்ளே அனுப்பினார்கள். 30 பேர் அதிகம் என்று முன்னே சொன்னது இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடித்தது.

முன்பக்கத்தில் இருந்தவர்கள் குழாய் வழியாகவும், பின்பக்கத்தில் இருந்தவர்கள் ஏழாம் அறையின் மேல்வாசல் வழியாகவும் தொகுதி தொகுதியாக வெளியேறினார்கள். வெளியேறும் வழியில் இரண்டு பேர் இறந்தார்கள். மீதி 104 பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். மூழ்கிய ஒரு அணு நீர்மூழ்கியிலிருந்து இவ்வளவு பேர் தாங்களே வெளியேறிப் பிழைத்த இன்னொரு நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே சரான்னயா குடாவுக்குத் திரும்புவோம். அதே திறந்த அடைப்பானோடு, அதே குழுவோடு, ஆழ்கடலில் போய் முதல் தடவை மூழ்கியிருந்தால்? இந்த வகைக் கப்பல் தாங்கக்கூடிய ஆழம் சுமார் 300 மீட்டர். அதைத் தாண்டினால் உடல் நொறுங்கும். 120 பேரும் போயிருப்பார்கள். எதனால் என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

விசாரணை

இராணுவ நீதிமன்றம் கமாண்டருக்குப் பத்து ஆண்டு தண்டனை கொடுத்தது. பொறியியல் பிரிவின் பொறுப்பில் இருந்த அதிகாரிக்கு எட்டு ஆண்டு. அடைப்பான்கள் மூடியிருக்கின்றனவா என்று உறுதிப்படுத்தாமல் மூழ்க ஆணையிட்டது கமாண்டர்தான், அதில் சந்தேகமில்லை. கப்பலில் நடப்பதற்கெல்லாம் கமாண்டரே பொறுப்பு என்பது எல்லாக் கடற்படைகளிலும் உள்ள விதி. அவரும் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குழுவை அந்தக் கப்பலில் ஏற்றி அனுப்பிய மேலதிகாரி மீது வழக்கு இல்லை. அவர் பிற்காலத்தில் ஒரு முழுக் கடற்படைத் தொகுதிக்கே தலைவரானார். ஆணையிட்டது யார், மறுப்பை நிராகரித்தது யார் என்ற கேள்விகள் தீர்ப்பின் எல்லைக்கு வெளியே நின்றன. கமாண்டர் தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலையானார். அவர் செய்த தவறுக்குத் தண்டனை கொடுத்தார்கள்; 104 பேரைக் காப்பாற்றிய இடத்தேர்வை அதே தராசில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இது என் கருத்து. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார், ஒரே இரவில்.

அதன் பின் கப்பல்

1983 ஆகஸ்டில் கே-429-ஐத் தூக்கினார்கள். இறந்தவர்களின் உடல்களை எடுத்தார்கள். கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்குப் போனது. 1985 செப்டம்பரில், அங்கே துறைமேடையில் கட்டிவைத்திருந்தபோதே, அது இரண்டாவது முறை மூழ்கியது. படிக்கும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. மறுபடியும் தூக்கினார்கள். ரோந்துக்கு அது அதன் பிறகு போகவே இல்லை. கடைசியில் மாலுமிகளுக்கான பயிற்சி நிலையமாக மாற்றப்பட்டது.

என்ன வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும்

அடைப்பானை மூடு, மூடியதைச் சரிபார், பிறகு மூழ்கு. இதை ஒரு பாடமாக எழுதுவதில் அர்த்தமில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்த 120 பேர் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. மூடுவது என் வேலை என்று நினைக்க ஒருவருக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் பழக்கத்திலிருந்து வருகிறது, வேலைப் பட்டியலிலிருந்து அல்ல. நேற்று வரை வேறு கப்பலில் இருந்தவர், இந்தக் கப்பலின் ஆள் யாராவது அதைச் செய்திருப்பார் என்று நினைப்பது மனித இயல்பு.

இங்கேதான் சக்ரா நினைவுக்கு வருகிறது. இதே வகைக் கப்பலை எடுத்துவருவதற்கு முன் இந்தியக் குழு சோவியத் யூனியனில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றது. ஒன்றாகவே படித்து, ஒன்றாகவே கடலில் போய்ப் பழகியது. அவ்வளவு காலம் வீணா என்று அப்போது கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். கே-429-ன் குழு உருவானது சில நாட்களில்.

குழு முழுமையாக இல்லை என்றால் கப்பல் கிளம்பக் கூடாது என்பதை ஒரு கமாண்டரின் துணிச்சலுக்கு விட்டுவைக்கக் கூடாது. அது எழுதப்பட்ட, மேலதிகாரியும் மீற முடியாத நிபந்தனையாக இருந்திருக்க வேண்டும். ஆள் எண்ணிக்கை சுவாசக் கருவிகளின் எண்ணிக்கையைத் தாண்டினால் துறையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். முதல் மூழ்கல் ஆழம் குறைந்த இடத்தில்தான் என்பது அன்று ஒருவரின் பிடிவாதமாக இருந்தது, அதுவும் விதியாகியிருக்க வேண்டும்.

மிதவையைப் பற்றவைப்பதைப் பொறுத்தவரை, ஒரு உயிர்காக்கும் சாதனத்தை யாராவது முடக்கிவைக்கும்போது, அதை மறுபடி எப்போது, யார் விடுவிப்பார்கள் என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். கே-429-ல் அது எழுதப்படவில்லை. 17 ஆண்டுகள் கழித்து, 2000 ஆகஸ்ட் 12 அன்று, இன்னொரு அணுசக்தி க்ரூஸ் ஏவுகணை நீர்மூழ்கியான குர்ஸ்க் பேரண்ட்ஸ் கடலில் 108 மீட்டர் ஆழத்தில் 118 பேரோடு தரைதட்டியது. வெடிப்புகளுக்குப் பிறகும் ஒன்பதாம் அறையில் 23 பேர் உயிரோடு இருந்தார்கள். மேலே இருந்த கப்பல்கள் அது எங்கே கிடக்கிறது என்று மணிக்கணக்கில் தேடின. அதன் மிதவையும் மேலே வரவில்லை.